பயத்தைப் பழகத்தான் பார்க்கிறோம்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பேய்ப் படங்களை மனிதர்கள் விரும்பிப் பார்ப்பது வெறும் கிளர்ச்சிக்காகவா, பயத்தைப் பழகிக்கொள்ளவா என்பது தலைப்பு. பழகிக்கொள்ளவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் தெளிவாகத்தான் சொன்னார். நெஞ்சு படபடக்கிறது, அட்ரினலின் ஏறுகிறது, படம் முடிந்ததும் அந்தப் படபடப்பு நிம்மதியோடு கலந்து சந்தோஷமாக மாறுகிறது. டால்ஃப் சில்மான் என்ற உளவியலாளர் தந்த விளக்கம் அது. சரி, அப்படியானால் சந்தோஷம் பயம் விலகிய பிறகுதானே வரவேண்டும்? எட்வர்டோ ஆண்ட்ராடே, ஜோயல் கோஹன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ரசிகர்களுக்குப் பயமும் மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் எழுந்தன. இந்தப் படங்கள் பக்கமே போகாதவர்களையும் அவர்கள் சோதித்தார்கள். நடிகர்களைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, 'இது நடிப்பு' என்பதை நினைவில் இருத்தியதும், அவர்களுக்கும் பயத்தோடு சேர்ந்தே மகிழ்ச்சி வந்தது.

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆபத்தில்லை என்ற உறுதி இருந்தால், மனம் பயத்தை ஓட விடாமல் பிடித்துவைத்துப் பார்க்கிறது. பேச்சு வராத குழந்தையிடம் முகத்தை மூடித் திறந்து பாருங்கள். திடுக்கிடும், சிரிக்கும், இன்னொரு முறை கேட்கும். அதையே முன்பின் தெரியாத ஒருவர் செய்தால் அழுதாலும் அழும். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் பயம் விளையாட்டாகிறது.

வெறும் கிளர்ச்சிதான் தேவை என்றால் பயம் ஏற ஏற இன்பமும் ஏறவேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொழுதுபோக்குக்காகப் பயமுறுத்தும் வீடு ஒன்றுக்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவியோடு அனுப்பினார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது. பயம் மிகக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, மிக அதிகமானாலும் ரசிக்கவில்லை. நடுவே, தாங்கக்கூடிய அளவில் இருந்தபோதுதான் இன்பம் அதிகம். நல்ல பயிற்சிக்கும் அந்த அளவுதானே வேண்டும்?

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று எதிரணி எங்களைப் பார்த்துச் சொன்னது. இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் கோழைகளாகிவிடுவார்களாம். கொரோனா பரவத் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் 310 பேரிடம் நடந்த ஆய்வில், பேய்ப் பட ரசிகர்களிடம் மன உளைச்சல் குறைவாகவே காணப்பட்டது. படம்தான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். மனத்திடம் உள்ளவர்களே இப்படங்களைத் தேடி வருகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் கோழையாக்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி, எதிரணிக்கு. முடிவு தெரிந்த பேய்ப் படத்தையே மறுபடி பார்க்கிறவர்கள் உண்டு. எந்தக் கதவு திறக்கும், எந்த நொடியில் அலறல் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போன தடவை கண்ணை மூடிக்கொண்ட காட்சியை இந்தத் தடவை திறந்த கண்ணோடு பார்க்கிறார்கள். கிளர்ச்சி மட்டுமே காரணம் என்றால், பாதி அதிர்ச்சி போய்விட்ட அந்தப் படத்திடம் அவர்கள் ஏன் திரும்ப வருகிறார்கள்? அடுத்துப் பேச வரும் தோழர் இதற்குப் பதில் சொல்லட்டும்.