ஏழு நாள் கெடு கலைந்த பிறகு: 'ரிங்கு 2' குறித்து

அவையோருக்கு வணக்கம்.

பழிவாங்கும் ஆவியின் கதைக்கு இரண்டாம் பாகம் எடுப்பதில் எங்கே இடறுகிறார்கள், எங்கே ஜெயிக்கிறார்கள்? இதை ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். 1999 ஜனவரியில் ஜப்பானில் வெளியான 'ரிங்கு 2'. இயக்கம் ஹிதேயோ நகாதா, திரைக்கதை ஹிரோஷி தகாஹாஷி. முதல் படத்தை எடுத்த அதே இருவர்தான்.

இது 'ரிங்கு'வுக்கு வந்த முதல் தொடர்ச்சி அல்ல. 1998 ஜனவரி 31 அன்று 'ரிங்கு'வோடு சேர்த்து 'ராசென்' என்ற தொடர்ச்சியையும் இரட்டைப் படமாக வெளியிட்டார்கள். அது கோஜி சுசுகியின் நாவலை ஒட்டிப் போய், சாபத்தை வைரஸ் என்று விளக்கியது. பார்வையாளர்கள் முதல் படத்தைக் கொண்டாடிவிட்டு 'ராசென்'னை ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே, 'ராசென்' கதை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒரே ஆண்டில் வேறொரு தொடர்ச்சியை எடுத்தார்கள்.

இப்போது முதல் படம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் மூன்று உறுப்புகள். கிணற்றில் கிடந்து இறந்த சதாகோ என்ற பெண்ணின் சாபம் ஏறிய வீடியோ கேசட்டைப் பார்த்தவர் மாட்டுவார். ஏழு நாள் கெடு, அது முடிந்தால் சாவு. தப்ப ஒரு வழி உண்டு, ஆனால் அதைப் படத்தின் கடைசி நிமிடங்கள் வரை சொல்ல மாட்டார்கள். கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். பிரதி எடுக்க இரண்டு வி.சி.ஆர். வேண்டும், நடுவே கேபிள் வேண்டும், படம் ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம் என்பதால்தான் அது நம்மை அச்சுறுத்துகிறது. கேசட்டைப் பார்த்துவிட்ட மகன் யோய்ச்சியைக் காப்பாற்ற, கதைநாயகி ரெய்கோ பிரதியைக் காட்டத் தன் தந்தையின் வீட்டை நோக்கிக் காரில் போவதோடு படம் முடிகிறது. கெடு எழுதப்பட்ட கதையில் நாட்கள் தாமாகவே பயத்தை ஏற்றிக்கொண்டு போகும். இயக்குநர் கத்தவைக்க வேண்டியதில்லை.

இந்த ரகசியம் தெரிந்த பிறகு இரண்டாம் பாகத்துக்கு என்ன மிச்சம்? இதே காலகட்டத்தில் தகாஷி ஷிமிஸு தொடங்கிய 'ஜு-ஓன்' வரிசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே விதி ஒரு வீடு. உள்ளே கால் வைத்தவர் போய்விடுவார், தப்ப வழியே கிடையாது. புதிய ஆட்களை அந்த வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். 'ரிங்கு'வுக்கு அந்த வசதி இல்லை. விடை தெரிந்த விடுகதையை மறுபடியும் போட முடியாது.

தகாஹாஷி துணிந்து கெடுவையே விட்டுவிட்டார். இங்கே சதாகோவின் வன்மம் கேசட்டைத் தாண்டிப் பரவுகிறது. தோழி சாவதைக் கண்ட மசாமி என்ற பெண் பேச்சிழந்து மருத்துவமனையில் கிடக்கிறாள், தொலைக்காட்சியைக் கண்டாலே நடுங்குகிறாள். சிறுவன் யோய்ச்சிக்குச் சதாகோவின் ஆற்றல் ஏறத் தொடங்குகிறது. டாக்டர் கவாஜிரி இதையெல்லாம் ஒரு சக்தி என்கிறார். மனத்திலிருந்து அதை இழுத்து நீரில் கரைத்துவிடலாம் என்று ஓஷிமா தீவில், நீச்சல்குளத்தின் ஓரத்தில் கருவிகளை நிறுத்துகிறார்.

படம் சரிவது இங்கேதான். வயர்களும் மானிட்டர்களும் வந்ததும் நாம் ஆவியை விட்டுவிட்டுக் கருவியைப் பார்க்கத் தொடங்குகிறோம். யாருக்கு, எப்போது ஆபத்து என்று கணக்குப் போட முடியாதபோது, எதிர்பார்ப்பும் இருக்காது. நடுப்பகுதி தொய்வதற்குக் காரணம் நடிப்போ ஒளிப்பதிவோ அல்ல, கெடுவின் இடத்தில் விளக்கம் வந்து உட்கார்ந்ததுதான்.

ஆனால் கவாஜிரி வீண் பாத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். சதாகோவின் தாய் ஷிசுகோவுக்கு ஓர் உண்மையான முன்மாதிரி உண்டு: மிஃபுனே சிசுகோ. அவருடைய ஞானதிருஷ்டியை டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுகுராய் தொமொகிச்சி 1910இல் அறிஞர்கள் முன் சோதித்துக் காட்டினார். சந்தேகமும் ஏச்சும் கிளம்பின. 1911 ஜனவரியில் அந்தப் பெண் நஞ்சருந்தி இறந்தார். கதையிலும் ஷிசுகோ அப்படித்தான் நிருபர்கள் முன் நிறுத்தப்பட்டு அழிகிறாள். கவாஜிரி மறுபடியும் அதையே செய்கிறார்: துன்பப்படும் ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் கருவியில் பூட்டிப் பார்க்கிறார். குளத்தருகே நடப்பதை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால், அங்கே விழும் பிணங்களுக்கு ஒரு நியாயம் தெரியும்.

ஜப்பானியப் பழிவாங்கும் ஆவிக்கு நீண்ட மரபு உண்டு. அரசவை அறிஞர் சுகவாரா நோ மிச்சிஸானே நாடுகடத்தப்பட்டு 903இல் இறந்தார். 930இல் அரண்மனையில் இடி விழுந்தபோது அது அவர் சினம் என்றார்கள், பிறகு கித்தானோவில் கோயில் எழுப்பி அவரைத் தெய்வமாக்கினார்கள். அநீதியால் செத்தவருக்கு உரிய மரியாதை செய்தால் அடங்குவார் என்பது பழைய நம்பிக்கை. முதல் படம் நம்மை அதை நம்பவைத்தது: கிணற்றிலிருந்து எலும்பை எடுத்தாயிற்று, இனி எல்லாம் சரி என்றோம். அடுத்த நாளே சதாகோ தொலைக்காட்சியிலிருந்து வெளியே வந்தாள். இரண்டாம் பாகத்தில் அவளுடைய உறவினர் தகாஷி யமமுரா எச்சங்களைக் கடலில் இறக்குகிறார். அதுவும் பலிப்பதில்லை. மண்டையோட்டை வைத்துக் காவல்துறை களிமண்ணில் அவள் முகத்தை வனைகிறது. கிணற்றுக்குள் அவள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று பரிசோதனை சொல்கிறது. முழுப் படத்திலும் நெஞ்சை அடைக்கும் தகவல் இதுதான், அதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தக் களிமண் முகத்தை நகாதா எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள். முதல் படத்தில் சதாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். முன்னோக்கி வரும் அந்த உடல் நம் உடல்போல இல்லாததற்கு அதுவே காரணம். முகத்தைக் காட்டவே இல்லை, ஒரு கண் மட்டும் தெரிந்தது. இரண்டாம் முறை அதையே செய்தால் எடுபடாது. அதனால் இறுதியில் இந்தப் படத்தின் நாயகி மாயும் யோய்ச்சியும் கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்து ஏறும்போது, கீழிருந்து விறுவிறுவென்று ஏறிவரும் சதாகோவுக்கு முகம் இருக்கிறது, ஆனால் அது வனைந்த முகம், சலனமற்றது. முப்பது ஆண்டுகள் ஏற முடியாமல் கிடந்தவள், நீ மட்டும் ஏன் தப்பினாய் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு மாயிடம் பதில் இல்லை.

இன்னொரு காட்சி கனாயே என்ற பள்ளி மாணவியுடையது. தன் கேசட்டை வாங்கிப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்த நிருபர் ஒகாசாகி, பார்க்காமல் விட்டுவிடுகிறான். அவள் சாகிறாள். பிறகு அவளுடைய பேட்டியை அவன் அழிக்கப் பார்க்கும்போது, திரையில் அவள் தலை வேகமாக ஆடத் தொடங்குகிறது. எளிய எடிட்டிங் வேலைதான். பழைய விதி இந்த ஒரு கிளைக்கதையில் மட்டும் அப்படியே நீடிப்பதால், படத்திலேயே கூர்மையான பயம் இங்கே பிறக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: முதலில் 'ரிங்கு', ஓரிரு நாளுக்குள் 'ரிங்கு 2'. இரண்டாம் படம் முதலாவது முடிந்து சில நாட்களிலேயே தொடங்குவதால் மாய், மசாமி முகங்கள் நினைவில் இருக்க வேண்டும். 'ராசென்'னைத் தனியே, கடைசியில் பாருங்கள். அதிலும் மாயாக நடித்தவர் மிகி நகாதானிதான், ஆனால் அங்கே மாய்க்கு நேர்வது வேறு. இடையில் பார்த்தால் இரண்டு கதைகளும் குழம்பிவிடும். 2000இல் வந்த முன்கதையான 'ரிங்கு 0'வை நோரியோ சுருதா இயக்கினார். அதற்கு இந்த வரிசையில் எங்கே வேண்டுமானாலும் இடம் கொடுக்கலாம், கிணற்றைப் பார்த்த பிறகு என்றால் நல்லது.