மைக் அப்புறம், மொதல்ல ரூம்

வணக்கம் நேயர்களே. வீட்லயே பாட்டு, பாட்காஸ்ட்னு ரெக்கார்ட் பண்ண நினைக்குற பசங்க என்கிட்ட மொதல்ல கேக்குறது, "அண்ணே, கம்மி விலையில எந்த மைக் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேப்பேன், "தம்பி, உன் ரூம்ல ஃபேன் எப்படி சுத்துது?"

சிரிப்பாங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். மொத மொதல்ல காசு சேத்து கண்டென்சர்னு ஒரு வகை மைக் வாங்கிட்டு வந்து, மொசைக் தரை போட்ட முன் ரூம்ல வெச்சு, ஒரு முழ தூரத்துல ஒக்காந்து கதை ஒண்ணு படிச்சேன். போட்டுக் கேட்டா அடுத்த வீட்டு குக்கர் விசில் இருக்கு, எங்க வீட்டு ஃபேனோட கடகட இருக்கு, தெருவுல போன கீரைக்காரம்மா குரல் கூட சுத்தமா இருக்கு, என் குரல் மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. எங்க பாட்டி கேட்டுட்டு, "ஏன்டா, பாத்ரூம்ல நின்னா படிச்ச?"ன்னுச்சு. ஒரே வரி. அதுக்கு மேல எந்த இன்ஜினியரும் சொல்லல.

புது வீட்ல பால் காய்ச்சுற அன்னைக்கு காலி ரூம்ல பேசினா கணகணன்னு கேக்கும்ல? மெத்தை, துணிமணி எல்லாம் வந்ததும் அது அடங்கிடும். அவ்ளோதான் விஷயம். நான் அப்புறம் அதே மைக்க எடுத்துட்டு, பீரோவ தெறந்து வெச்சு, அம்மாவோட புடவை அடுக்குக்கு முன்னாடி மூஞ்சிய வெச்சுக்கிட்டு, முதுகுக்குப் பின்னாடி கொடியில ரெண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டு, ஃபேன நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்த படிச்சேன். பாட்டி ஒண்ணும் சொல்லல. எங்க பாட்டி ஒண்ணும் சொல்லலன்னா பாஸுன்னு அர்த்தம்.

இப்ப மைக்குக்கு வர்றேன். கண்டென்சர்ல இருக்குற தகடு ரொம்ப மெல்லிசு, பொட்டு சத்தத்தையும் பிடிக்கும், ஸ்டுடியோ மைக்கா இருந்தா பெரும்பாலும் 48 வோல்ட் கரண்ட்டும் கேக்கும். டைனமிக்னு இன்னொரு வகை மைக் இருக்கு, அது அப்படி இல்ல, உள்ள காந்தமும் கம்பிச் சுருளும்தான். மேடையில பாடுறவங்க கையில உருண்டைத் தலையோட ஒண்ணு பாப்பீங்களே, ஷூர் எஸ்எம்58, அது 1966-ல வந்தது, இன்னமும் விக்குது. சத்தமான வீட்டுக்கு என் ஓட்டு டைனமிக்குக்குதான். அதுல மந்திரம் ஒண்ணும் இல்லீங்க, நாலு விரக்கடை தூரத்துல வாய வெச்சுப் பேசுறோம், அதனால குரல் பெருசாகி மத்தது சிறுசாகுது. தூரத்த பாதியாக்கினா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் (சத்தத்த அளக்குற கணக்கு) கூடும், காசே இல்லாம. ஆனா பக்கத்துல போனா "ப" வர்ற எடத்துல காத்து படாருன்னு அடிக்கும், மைக்க வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் ஓரமா சாய்ச்சு வெச்சுக்கோங்க. திரும்பவும் சொல்றேன், மொதல்ல ரூம், அப்புறம் தூரம், அதுக்கப்புறம்தான் மைக்.

மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்குற பெட்டி, அதான் இன்டர்ஃபேஸ், அப்புறம் ஹெட்போன் பத்தியும் நெறைய எழுதிட்டு வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிஞ்சுதுன்னு கைய காட்டிட்டாங்க. சட்டுனு சொல்லிடுறேன்: யுஎஸ்பி மைக்னா நேரா லேப்டாப்ல சொருகலாம், மூணு பின் இருக்குற எக்ஸ்எல்ஆர்னா இன்டர்ஃபேஸ் வேணும். ஹெட்போன் காத மூடுற மாதிரி வாங்குங்க. எடிட் பண்ண ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். ஆங், முக்கியமானது, "ங்ங்"னு ஒரு இரைச்சல் வந்தா மைக்க திட்டாதீங்க, லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. நேரமாச்சு, வணக்கம்.