கிரகணம் இல்லம்மா, ஒரே ஒரு எழுத்து

வணக்கம் நேயர்களே. பொறந்த கொழந்தைக்கு கன்னத்துலயோ நெத்தியிலயோ நாவப்பழச் சாறு கொட்டுன மாதிரி ஒரு செவப்பு மறு இருக்கும், பாத்திருப்பீங்க. ஆயிரம் கொழந்தைங்கள்ல சுமாரா 3 பேருக்கு இருக்கும். போர்ட் ஒயின் ஸ்டெயின்னு சொல்வோம். மச்சம் இல்ல அது. வெரலால அழுத்துனா லேசா வெளுக்கும், எடுத்ததும் திரும்ப செவக்கும், ஏன்னா தோலுக்குள்ள இருக்குற நுணுக்கமான ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு கெடக்கு.

நான் ஸ்கின் ஓ.பி.ல உக்காந்த புதுசுல, 2013க்கு முன்னாடி, ஒரு அம்மா 2 மாசக் கொழந்தையோட வந்தாங்க. கொழந்தையோட வலது கன்னம் முழுக்க பவுடர் அப்பியிருந்தாங்க, பஞ்ச நனைச்சு தொடைச்சாதான் மறுவே தெரியுது. கூட வந்த மாமியார், "கிரகணத்தன்னிக்கு உள்ளயே இருன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் டாக்டர், கேக்காம கொல்லப்பக்கம் உக்காந்து காய் நறுக்குனா"ன்னு சொல்றாங்க. அந்தம்மா வாயே தொறக்கல, என் கையில இருந்த பஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான், கிரகணம் எல்லாம் இல்லம்மான்னு சொன்னேன். "பின்ன எதனால டாக்டர்?"னு அப்பதான் முதமுதலா பேசுனாங்க. என்கிட்ட பதில் இல்ல. அப்ப யார்கிட்டயுமே உறுதியான பதில் இல்ல.

பதில் 2013ல அமெரிக்காவுல பால்டிமோர்ல இருந்து வந்துச்சு, கென்னடி க்ரீகர் இன்ஸ்டிட்யூட்டும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து பண்ண ஆராய்ச்சி. மறு இருக்குறதோட மூளையும் கண்ணும் பாதிக்கப்படுற ஸ்டர்ஜ்-வெபர்னு ஒரு நோய் இருக்கு, அந்த நோய் உள்ள 3 பேரோட மரபணுவ முழுசா படிச்சாங்க. இதுல சூட்சுமம் எங்கன்னா, ரத்தத்த மட்டும் எடுத்துட்டு போயிடல, பாதிச்ச எடத்துல இருந்து ஒரு துளி, பாதிக்காத எடத்துல இருந்து ஒரு துளி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டாங்க. ஜீனுங்குறது ஏ, சி, ஜி, டின்னு நாலே எழுத்துல எழுதுன குறிப்பு மாதிரி. அதுல ஜி.என்.ஏ.க்யூங்குற ஜீன்ல, ஜி இருக்க வேண்டிய எடத்துல ஏ. ஒரே ஒரு எழுத்து. அப்புறம் நெறைய பேர்கிட்ட தேடுனப்போ, ஸ்டர்ஜ்-வெபர் உள்ள 26 பேர்ல 23 பேர்கிட்ட, வெறும் மறு மட்டும் உள்ள 13 பேர்ல 12 பேர்கிட்ட அதே தப்பு!

இது எப்படி வருதுன்னா, காலேஜ்ல நோட்ஸ் கை மாறுமில்ல, ஒருத்தன்கிட்ட வாங்கி இன்னொருத்தன் எழுதுவான், நடுவுல ஒரு பையன் ஒரு எழுத்த மாத்தி எழுதிட்டா அவன்கிட்ட வாங்குன அத்தன பேர் நோட்டுலயும் அந்தத் தப்பு இருக்கும், ஒரிஜினல் நோட்டுல இருக்காது. வயித்துல கரு வளர்றப்போ செல் இப்படித்தான் ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகுது, அதுல ஏதோ ஒரு செல்லுல தப்பு விழுது, அதோட வாரிசு செல் எங்கெல்லாம் போகுதோ அங்க மட்டும் மறு. தப்பு சீக்கிரமே விழுந்தா தோல், கண்ணு, மூளைன்னு பரவும், லேட்டா விழுந்தா தோலோட நின்னுடும். ருடால்ஃப் ஹாப்லேன்னு ஒரு ஜெர்மன் தோல் டாக்டர் 1987லயே இப்படித்தான் இருக்கும்னு யூகிச்சு சொல்லிட்டாரு, நிரூபிக்கத்தான் 26 வருஷம் ஆச்சு. ஏன்னா மறுவுல எடுத்த தோல்லயே அந்த மாறுன எழுத்து நூத்துல 1ல இருந்து 18 பங்கு வரைக்கும்தான், ஒரே எடத்த ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்பப் படிக்கிற மெஷின் வந்த அப்புறம்தான் அது சிக்குச்சு.

அதனால திரும்பவும் சொல்றேன், அம்மாகிட்ட இருந்து வரல, அப்பாகிட்ட இருந்தும் வரல. கிரகணத்துனால வரல, குங்குமப்பூ சாப்பிட்டதால வரல. ஒரே குடும்பத்துல பல பேருக்கு சின்னச் சின்னதா நெறைய மறு இருந்தா அது வேற விஷயம், அதுக்கு ஆர்.ஏ.எஸ்.ஏ.1னு வேற ஜீன், 2003ல கண்டுபிடிச்சது, அது பரம்பரையா வரலாம்.

மருந்து பத்தி நெறைய பேசணும்னு வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம்னு வெரலக் காட்றாங்க. பி.ஐ.கே.3.சி.ஏங்குற இன்னொரு ஜீன்ல தப்பு விழுந்து கை கால் பெருத்துப் போறவங்களுக்கு ஆல்பெலிசிப்னு மாத்திரை, அமெரிக்காவுல 2022ல அனுமதி குடுத்துட்டாங்க. மறுவுக்கு இப்போதைக்கு லேசர்தான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, மறு நெத்தியிலயோ மேல் இமையிலயோ இருந்தா கண் டாக்டர்கிட்ட காட்டி கண்ணுல பிரஷர் பாக்கச் சொல்லுங்க, கொழந்தைக்கு ஒரு பக்கக் கையோ காலோ வெட்டி வெட்டி இழுத்துச்சுன்னா அப்பவே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போயிருங்க. வணக்கம்.