பாண் பைக்குள் வந்த சாமான்

வணக்கம். வீடு திருத்துகிற சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் வேலை செய்த அனுபவத்தைச் சொல்லுங்கோ என்று என்னைக் கேட்டபோது, முதலில் ஞாபகம் வந்தது ஒரு பாண் பை. குளிர்கால ஞாயிறு ஒன்றில் பின்னேரம் வயதான ஐயா ஒருவர் வந்தார். பிளம்பிங் பகுதியில் நான் நிற்கும் வரிசையை இரண்டு தரம் கடந்து போய், மூன்றாம் தரம் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்துவிட்டுக் கிட்ட வந்தார். கையில் பாண் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பை. அதற்குள் கறள் பிடித்த, விரல் நீளச் சாமான் ஒன்று. "பிள்ளை, இதின்ர பெயர் எனக்குத் தெரியாது. இதே மாதிரி ஒண்டு வேணும்" என்றார். அதற்கு முதல் வேறு இரண்டு கடைகளுக்குப் போயிருக்கிறார். ஆங்கிலத்தில் பெயர் சொல்லத் தெரியாததால் ஒருவரிடமும் கேட்காமல், தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். குசினித் தண்ணீர் இரண்டு கிழமையாகச் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இப்படியான கடையொன்றில் 16 வருடம் வேலை செய்தேன். 2007 வசந்தத்தில் சேர்ந்து 2023இல் விட்டேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நல்லதும் சொல்வேன், கசப்பானதும் சொல்வேன். அந்த 16 வருடத்தில் நான் செய்த வேலை என்ன என்று கேட்டால், பெயர் தெரியாத சாமானோடு வருகிறவருக்கு அந்தச் சாமானின் பெயரையும், அதற்குப் பின்னால் இருக்கிற உண்மையான பிரச்சினையையும் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான். பெட்டி தூக்கியதும் விலைச்சீட்டு ஒட்டியதும் அதற்கு அடுத்தவை.

இந்தப் பெரிய கடைகள் எப்படித் தொடங்கின என்று கொஞ்சம் சொல்கிறேன். பேர்னி மார்க்கஸ், ஆர்தர் பிளாங்க் என்ற இரண்டு பேர் 1978இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு ஹோம் டிப்போவைத் தொடங்கி, 1979இல் அட்லாண்டாவில் முதல் கடைகளைத் திறந்தார்கள். கிட்டங்கி மாதிரி உயரமான கட்டடம், கூரைவரை சாமான், குறைந்த விலை, அதோடு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆட்கள். 1994இல் எய்க்கன்ஹெட்ஸ் என்ற கனடியக் கடைகளை வாங்கிக் கனடாவுக்குள் வந்தார்கள். லோஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பனி 2007இல் ஒன்ராறியோவுக்கு வந்து, 2016இல் இதே மாதிரிச் சாமான் விற்கிற கியூபெக்கின் றோனா கடைகளையும் வாங்கி, சில வருடத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியது. இப்படியான கடையொன்று ஏறத்தாழ 1 இலட்சம் சதுர அடி இருக்கும், உள்ளே 30,000 முதல் 40,000 வகைச் சாமான் இருக்கும். விலையையும் உயரத்தையும் எந்தக் கடையும் கொண்டுவரலாம். பதில் சொல்லத் தெரிந்த ஆட்களை வைத்திருப்பதுதான் கஷ்டமானது, செலவானது. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று மேலிடம் பார்க்கத் தொடங்கினால் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

என்னை முதலில் எடுத்தது தோட்டப் பகுதிக்கு, பருவகால ஆளாக. இங்கே இந்தக் கடைகளின் வருடம் ஏப்ரலில்தான் பிறக்கிறது. பனி கரைந்த முதல் வெயில் சனிக்கிழமையில் ரொறன்ரோ முழுவதும் மண் மூட்டை வாங்க வந்துவிட்டதோ என்று இருக்கும். மண், உரம், மரச்சீவல், முற்றத்தில் பதிக்கிற கல். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கு என்று பயிற்சியில் சொல்வார்கள், ஆனால் ஐம்பதாவது மூட்டையில் யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை. கொங்கிறீற் தரையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு முதல் கிழமை நான் பஸ்ஸில் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். இந்த வேலைக்குப் போகப் போகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், முதல் சம்பளத்தில் நல்ல சப்பாத்து வாங்குங்கள். வேறு எதையும் பிறகு பார்க்கலாம்.

பருவம் முடிந்ததும் என்னை வைத்துக்கொண்டார்கள், பிளம்பிங்குக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்கு ஒரு ஆசிரியர் கிடைத்தார். போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர், முப்பது வருடம் பிளம்பராக உழைத்து, முழங்கால் போனபின் கடைக்கு வந்தவர். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் குழாயைப் பற்றியது அல்ல. ஒருவர் வந்து ஒரு சாமானைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதே, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள் என்றார். அது எவ்வளவு உண்மை என்பது எங்கள் ஆட்கள் வரத் தொடங்கியபோது விளங்கியது. "பைப் உடைஞ்சு போச்சு" என்று ஒரு அக்கா வருவார். இங்கே பைப் என்றால் சுவருக்குள் ஓடுகிற குழாய், அதற்குத் தனி வரிசை. ஊரில் எங்களுக்குப் பைப் என்றால் தண்ணீர் திறக்கிற பைப். நான் அவரைக் குழாய் வரிசைக்கு அனுப்பியிருந்தால் அவர் செப்புக் குழாய்களைப் பார்த்துப் பயந்து, பிளம்பரைக் கூப்பிட்டு, தேவையில்லாத பெரிய காசு கொடுத்திருப்பார். என்ன நடக்குது அக்கா என்று கேட்டால், "பூட்டினாலும் சொட்டுது" என்பார். அவருக்குத் தேவை பைப்புக்கு உள்ளே இருக்கிற சின்ன உருளை ஒன்று, அல்லது ஒரு ரப்பர் வளையம் மட்டும்.

அளவுகளும் அப்படித்தான். கனடா மெற்றிக் நாடு என்று படித்துவிட்டு வந்தால், கட்டட வேலை முழுவதும் அங்குலத்திலும் அடியிலும் நடக்கிறது. அதிலும் சொல்கிற அளவு ஒன்று, இருக்கிற அளவு இன்னொன்று. இரண்டுக்கு நான்கு என்கிற பலகையை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் வரும். அறுத்துக் காயவைத்துச் சீவியபின் பழைய பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அரை அங்குலச் செப்புக் குழாயின் வெளி விட்டத்தை அளந்தால் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது அரைக்கும் முக்காலுக்கும் சரி நடு. வீட்டில் கவனமாக அளந்துகொண்டு வந்த மனிதர், தான் அளந்தது சரி, கடை சொல்கிறதும் சரி என்று கேட்டுக் குழம்பி நிற்பார். அவர் பிழை விடவில்லை என்று முதலில் சொல்லவேண்டும். அதைச் சொன்னபிறகுதான் அவருக்கு மிச்சம் காதில் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்த சாமான் எது என்று கேட்டால் ரொபர்ட்சன் ஸ்குரூ என்பேன். தலையில் சதுரக் குழி உள்ள ஸ்குரூ. பி. எல். ரொபர்ட்சன் 1909இல் காப்புரிமை பெற்றது, இங்கே பக்கத்தில் மில்ற்றனில் தொழிற்சாலை வைத்துச் செய்தார். திருப்பி வழுக்காது, ஒரு கையாலேயே முடுக்கலாம். ஹென்றி ஃபோர்ட் உரிமம் கேட்டும் ரொபர்ட்சன் கொடுக்கவில்லை, அதனாலேயே அமெரிக்காவில் அது பெரிதாகப் பரவாமல் போனது. அதில் எனக்குப் பிடித்தது நிறம். திருப்புளியின் பிடி பச்சை என்றால் ஒன்றாம் இலக்கம், சிவப்பு இரண்டு, கறுப்பு மூன்று. ஆங்கிலம் ஒரு சொல்லும் வராத அம்மாவும் சிவப்பு என்று சொல்லிச் சரியானதை வாங்கிக்கொண்டு போகலாம். கடையில் இருந்த எல்லாமே அப்படி நிறத்தில் பேசியிருந்தால் எவ்வளவு பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்!

2013ஐ நான் மறக்கமாட்டேன். யூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. அடுத்தநாள் கதவு திறக்க முதலே வரிசை. தண்ணீர் உறிஞ்சுகிற வக்கூம், நிலத்தடியில் தேங்குவதை இறைக்கிற பம்ப், ஈரம் எடுக்கிற மெஷின், எல்லாம் மத்தியானத்துக்கு முதலே முடிந்துவிட்டன. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் பம்ப் தேடி வந்தார், வாடகைக்கு இருந்த பெண் கறுப்புக் குப்பைப் பை மட்டும் வாங்கினார், பிள்ளைகளின் நனைந்த உடுப்பைப் போட. அவருக்கு விற்க என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அதே வருடம் நத்தாருக்கு முதல், விழுந்த இடத்திலேயே ஐஸாகிற உறைமழை வந்து, நகரத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மின்சாரமில்லாமல் இருந்தார்கள். ரோர்ச் லைற், பற்றரி, ஐஸ் கரைக்கிற உப்பு, ஜெனரேற்றர் கேட்டு வந்தார்கள். அந்த நாட்களில் நான் சாமான் விற்றதைவிட, ஜெனரேற்றரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்காதீர்கள், அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, மணம் இல்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும் என்று சொன்னதுதான் அதிகம். தமிழிலும் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

இனிக் கசப்பானது. "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள், எங்கள் ஆட்களிலும். என்னைத் தாண்டிப் போய், வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமையான பொடியனிடம் கேட்பார்கள், அவன் ஓடிவந்து என்னிடம் கேட்பான். அந்தப் பொடியன்களில் பலர் மிக நல்ல பிள்ளைகள், வாடிக்கையாளருக்கு முன்னாலேயே "அக்காவுக்குத்தான் தெரியும்" என்று சொல்வார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதைவிடக் கனமானது வேலை நேரம். பகுதிநேர ஆட்களுக்கு வசந்தத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு ஜனவரியில் நறுக்குவார்கள். ஏப்ரல் வருமானத்தை நம்பி வாடகைக்குக் கையெழுத்திட்டவர் ஜனவரியில் என்ன செய்வது? காசாளராக நிற்கிற பெண்களிடம் இன்றைக்கு எத்தனை கடனட்டை விண்ணப்பம் எடுத்தாய் என்று கேட்பார்கள், ஆனால் ஒருவரின் கூரை ஒழுக்கை அவள் எப்படித் தீர்த்துவைத்தாள் என்பதை எழுத அவர்களின் தாளில் இடம் இல்லை. என் போர்த்துக்கேய ஆசிரியர் போனபிறகு அவர் இடத்துக்கு அனுபவமுள்ள ஆளை எடுக்கவில்லை. எங்களுக்குக் கையில் ஒரு கருவி தந்தார்கள். சாமான் எந்த வரிசையில், எத்தனை மிச்சம் என்று அது நன்றாகச் சொல்லும். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க அதற்குத் தெரியாது. அனுபவமுள்ளவருக்கு மணித்தியாலத்துக்கு இன்னும் இரண்டு மூன்று டொலர் கூடக் கொடுத்து வைத்திருந்தால், திருப்பிக் கொண்டுவருகிற பிழைச் சாமானின் கணக்கே அதை ஈடுகட்டியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை மேலே இருக்கிறவர்களிடம் நேரேயும் சொன்னேன்.

இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மேல்தட்டில் இருந்து கனமான சாமானை ஃபோர்க்லிஃப்ற்றால் இறக்கும்போது அந்த வரிசையை மட்டுமல்ல, முதுகுப்பக்கம் இருக்கிற வரிசையையும் மூடவேண்டும். ஏனென்றால் முள்ளு உள்ளே போகும்போது பின்னால் இருக்கிறது தள்ளுப்பட்டு அந்தப் பக்கம் விழும். அதோடு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் கீழே நிற்கவேண்டும். ஒரு சனிக்கிழமை, ஆள் பற்றாக்குறை, மேற்பார்வையாளர் பின்வரிசையை மூடாமலே கெதியாக இறக்குங்கோ என்றார். அப்படியென்றால் நான் கீழே பார்த்துச் சொல்ல நிற்கமாட்டேன் என்றேன். கை நடுங்கியது, சம்பளம் போய்விடுமோ என்ற பயம்தான். ஆனால் ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, மறுத்ததற்காகத் தண்டிக்கவும் முடியாது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பின்வரிசையில் ஒரு தாய் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாஷர் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. பிறகு வரிசையை மூடித்தான் இறக்கினார்கள். தயவுசெய்து, அந்தத் தடுப்பைக் கண்டால் குனிந்து புகுந்து போகாதீர்கள், "ஒரு செக்கன்தானே" என்று சொல்லாதீர்கள். அந்தத் தடுப்புக்குப் பின்னால் வேலை செய்கிறவரின் முழுக் கவனமும் மேலே இருக்கிறது.

சரி, அப்புறம் நீங்கள் கடைக்குப் போகும்போது செய்யக்கூடியது. பெயர் தெரியவில்லை என்று வெட்கப்படவேண்டாம், பழைய சாமானைக் கழற்றிக் கொண்டுபோங்கள், பாண் பையிலே என்றாலும் பரவாயில்லை. கழற்ற முடியாவிட்டால் அது பூட்டியிருக்கிற இடத்தைத் தூரத்தில் இருந்து ஒரு படம், கிட்டே ஒரு படம். பைப்பில் கம்பனிப் பெயர் இருந்தால் அதையும் எடுங்கள். தண்ணீர்க் கணக்குக் கூடுதலாக வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை என்றால், ரொய்லெற் தொட்டிக்குள் கொஞ்சம் உணவு நிறத்தை விட்டு, தண்ணீர் அடிக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் வந்தால் தொட்டியின் அடியில் இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. அதை நீங்களே மாற்றலாம், பிளம்பர் தேவையில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். கிழமைநாளில் காலை ஒன்பது மணிக்குப் போங்கள். வேலைத்தலத்துக்குச் சாமான் எடுக்க வருகிற ஒப்பந்தக்காரர்கள் அதற்குள் போய்விடுவார்கள், வரிசைகள் அமைதியாக இருக்கும். ஏப்ரன் தேய்ந்து நிறம் மங்கிப்போன ஆளாகப் பார்த்துக் கிட்டப் போய், என்ன வேண்டும் என்று சொல்லாமல், வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்குங்கள். அவருக்கு உங்களோடு கதைக்க அந்த நேரத்தில் பத்து நிமிடம் இருக்கும்.