உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கணக்கேடும்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் உரையின் பாதியை நிகழ்த்தி என் பணியை எளிதாக்கிய செயலாளர் அவர்களே, வேளாண்மைத் துறை அலுவலர்களே, அறுவடைக் காலத்திலும் வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, வணக்கம். அமெரிக்காவின் எஃப்.எஃப்.ஏ. என்னும் இளம் உழவர் அமைப்பின் தோற்றம், சீருடை, அதில் இருந்த தடைகள் ஆகிய மூன்றையும் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் 1908இல் வேளாண் பள்ளிப் பொறுப்பேற்ற ரூஃபஸ் ஸ்டிம்சன், மாணவன் தன் வீட்டு நிலத்தில் ஒரு பயிரையோ கால்நடையையோ தானே பார்த்து, வரவுசெலவையும் எழுதிக் காட்ட வேண்டும் என்றார். தொழிற்கல்விக்கான 1917ஆம் ஆண்டின் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் ஆண்டுக்கு ஆறு மாதமாவது மேற்பார்வையுடன் கூடிய பண்ணைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இவ்வாறு பயின்றவர்களுக்காக வர்ஜீனியாவில் வேளாண் கல்வியாளர் ஹென்றி குரோஸ்குளோஸ் முதலானோர் தொடங்கிய சங்கம் முன்மாதிரியாக அமைய, 1928இல் 18 மாநிலங்களின் 33 பேராளர்கள் கேன்சஸ் சிட்டியில் கூடி எஃப்.எஃப்.ஏ.வைத் தேசிய அமைப்பாக நிறுவினர்.

சீருடையின் கதை சுவையானது. 1933ஆம் ஆண்டு, பெருமந்தத்தால் விளைபொருள் விலை சரிந்து கிடந்த காலம். அவ்வாண்டு மாநாட்டுக்கு ஒகையோ மாநிலத்தின் ஃபிரெடரிக்டவுனிலிருந்து மாணவர் வாத்தியக் குழு வந்தது. ஆசிரியர் கஸ் லின்ட்னர் அம்மாணவர்களுக்கு நீல நிறக் கார்டுராய் துணியில் மேற்சட்டை தைப்பித்திருந்தார். பேராளர்களின் காது வாத்தியத்திலும் கண் சட்டையிலும் இருந்திருக்க வேண்டும். அதையே அமைப்பின் சீருடையாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மார்பில் உறுப்பினரின் பெயர், முதுகில் சின்னமும் மாநிலத்தின் பெயரும், எழுத்துகளெல்லாம் பொன்னிற நூல் வேலை. கழுத்துவரை ஜிப்பை ஏற்றியே அணிய வேண்டும். நம் சங்கங்களில் சட்டைக்கென்ன, சம்பாவின் விலைக்குக்கூட இத்தனை விரைவில் தீர்மானம் நிறைவேறி நான் கண்டதில்லை.

தடைகளைப் பற்றி: கறுப்பின மாணவர்களுக்கு 1935இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் தனித் தேசிய அமைப்பு உருவாயிற்று, 1965இல் இரண்டும் இணைந்தபோது அவர்களுடைய பெயரும் சின்னமும் மறைந்தன. பெண்களுக்கு 1969இல்தான் கதவு திறந்தது. இதை விரிக்க நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எஃப்.எஃப்.ஏ.வின் உயரிய பட்டத்துக்கு, மாணவர் ஈட்டியதையும் முதலிட்டதையும் கணக்கால் மெய்ப்பிக்க வேண்டும். உழக்கும் மிஞ்சவில்லை என்றால், அது விதையில் போயிற்றா, டீசலில் போயிற்றா, வட்டியில் போயிற்றா என்பதை நம் பிள்ளைகளும் எழுதிப் பார்க்கட்டும். ஆகவே, மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மை பயிலும் ஒவ்வொருவருக்கும் பண்ணைக் கணக்கேடு கட்டாயமாக வேண்டும், அதில் வீட்டுப் பெண்கள் களையெடுத்த நாள்களும் கூலியாக எழுதப்பட வேண்டும் என்னும் தீர்மானத்தைத் தலைவர் அவர்கள் முன்மொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.