அழுக்கு என்று எழுதினேன்

வணக்கம் நேயர்களே. பண்பாட்டு மரபு குறித்த முதுகலைப் படிப்பில் மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் முதல் வாரம் நேற்று நடந்தது போல நினைவில் இருக்கிறது.

பழைய அச்சு நூல் ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் நிலை அறிக்கையை எழுதச் சொன்னார்கள். பழுது பார்க்கக் கூடாது, கண்ணில் பட்டதை எழுதினால் போதும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அட்டை தளர்ந்திருக்கிறது, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது, கீழ் மூலையில் அழுக்கு, துடைக்க வேண்டும். ஆசிரியை படித்துவிட்டு, "எந்தெந்தப் பக்கத்தில் அழுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பவும் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் இல்லை. நடுவில் இருபது பக்கங்களில் மட்டும் மூலை கறுத்து, மெழுகு தடவியது போல வழவழவென்று இருந்தது. யாரோ ஒருவர் அந்த ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த வாசகரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கறை ஒன்றுதான். அதைத்தான் நான் துடைக்கச் சொல்லியிருந்தேன். அறிக்கையை முதலிலிருந்து எழுத இரண்டு நாள் பிடித்தது.

அப்புறம் கையுறை. பழைய நூல் என்றாலே வெள்ளைக் கையுறை மாட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் கையுறை சரி. தாளுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது; பருத்தித் துணி விரலின் உணர்வை மழுக்கிவிடும், நைந்த ஓரம் அதில் மாட்டிக் கிழியும்.

மாலை வகுப்புகளில் வாக்குவாதம் சூடாக இருக்கும். வேதியியல் படித்தவர், வரலாறு படித்தவர், கட்டடக்கலை படித்தவர் எல்லோரும் ஒரே மேசையில். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் காப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964-இன் வெனிஸ் சாசனம். அப்படியானால் ஜப்பானில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே ஆலயம் பழையதா, புதியதா? மரம்தான் மரபா, அதைக் கட்டத் தெரிந்த கையா? இந்த மாதிரிக் கேள்விகளை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்று பார்க்கச் சொன்னது, மரபுச் சின்னங்களில் எது அசல் என்பதைப் பற்றி வல்லுநர்கள் எழுதிய 1994-இன் நாரா ஆவணம். அதைப் படித்த இரவு எங்களில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு கிழிசலை ஒட்டினேன். கோதுமை மாவுச்சத்துப் பசை, மெல்லிய ஜப்பானியத் தாள், மூன்று நாள் பொறுமை. ஒட்டிய இடமே தெரியவில்லை. ஆசிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிரித்தார். "நன்றாக வந்திருக்கிறது. இப்போது பிரியுங்கள்" என்றார். நமக்குப் பின் வருகிறவர் இதைவிட நல்ல வழி கண்டுபிடித்தால், நம் வேலையைச் சேதமில்லாமல் அவர் எடுக்க முடியவேண்டும் அல்லவா? தூரிகையை நீரில் தோய்த்து ஒட்டின் மேல் வைத்தேன். பசை மெல்ல இளகியது. தாள் முழுதாகக் கையோடு வந்தது.