சோமாலியாவின் நாலரைக் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

சோமாலியாவின் மக்களவையில் 275 இடங்கள். தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்ளே ஆகிய நான்கு பெருங்குலங்களுக்குத் தலா 61. எஞ்சிய 31-ஐத்தான் மற்ற எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்: ஜுப்பா, ஷெபெல்லே ஆற்றங்கரையில் பயிர்செய்யும் பாண்டு மக்கள், கடலோரத்துப் பெனாதிரிகள், பஜூனிகள், தோல் வேலையும் கொல்லு வேலையும் செய்துவந்த கபோயேக்கள். 2000-இல் ஜிபூத்தியின் அர்த்தா மாநாட்டில் உறுதியான இந்தப் பங்கீட்டுக்கு 'நாலரை' என்று பெயர்: நான்கு பெருங்குலங்களுக்கு ஆளுக்கொரு முழுப் பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. அந்த 'அரை' தலைக்கணக்கில் வந்ததல்ல, பேரத்தில் வந்தது.

ஆனால் நாற்காலிக் கணக்கோடு நின்றுவிட்டால் விஷயம் பிடிபடாது. அங்கே ஒருவருக்குக் காவல் அவருடைய குலம்தான். ஹேர் எனும் வழக்காற்றுச் சட்டப்படி, கொலையானவர் ஆண் என்றால் ஈட்டுத்தொகை மரபாக நூறு ஒட்டகம். கேட்டு வாங்குவதும் குலம், கொடுப்பதும் குலம். துப்பாக்கி இல்லாத குலம் போய்க் கேட்டால் யார் தருவார்? 1991-இல் அரசு கவிழ்ந்ததும் பாண்டு விவசாயிகளின் தானியக் குழிகளைக் கொள்ளையடித்தவர்களுக்குப் பழிக்குப் பழி என்ற அச்சமே இருக்கவில்லை.

2011 ஜூலை 20 அன்று தெற்கு பக்கூலிலும் கீழ் ஷெபெல்லேயிலும் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. சுமார் 2,60,000 பேர் மாண்டார்கள். பேரடி வாங்கியவர்கள் பாண்டு மக்களும் திகில்-மிரிஃப்ளே மக்களும். பின்னவர்கள் நாலரையில் முழுப் பங்கு பெற்ற பெருங்குலம் என்பதைக் கவனியுங்கள்! வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பச் சொந்தங்கள் குறைவு; அதுவும் ஒரு காரணம்.

தப்பி வந்தவர்கள் மொகதிஷு, பைதோவா முகாம்களில் 'கறுப்புப் பூனை' என்று ஊரார் சொல்லும் இடைத்தரகரிடம் மாட்டுகிறார்கள். நிலம் அவர் கையில், பயனாளிப் பட்டியலும் அவர் கையில். உதவிப்பணம் கைப்பேசியில் வந்தாலும் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. மறுத்தால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது, குடிசையும் போகலாம். 2023-இல் ஐநா விசாரணை இந்தக் களவை வெளிக்கொணர்ந்த பிறகு, உலக உணவுத் திட்டத்தின் சோமாலியப் பணிகளுக்கான நிதியை ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நிதியை நிறுத்துவது எளிது. பட்டினி கிடப்பவர் தரகரல்லவே.

வேண்டியது வேறு. பெயர்ப்பதிவைத் தரகரிடம் விடாமல் வீடுவீடாகச் செய்ய வேண்டும். சிம் அட்டை பயனாளி கையிலேயே இருக்கிறதா என்று பணம் போன சில நாளில் தனியே பார்த்துக் கேட்க வேண்டும். முகாமின் நடுவில் நிறுத்திக் கேட்டால் எல்லோரும் 'கிடைத்தது' என்றுதான் சொல்வார்கள். கேட்கப் போகிறவர்களில் சிறுபான்மையினரும் இருக்க வேண்டும். புகார்த் தொலைபேசியில் பொதுச் சோமாலி மட்டும் போதாது. திகில்-மிரிஃப்ளே மக்களின் மாய் மொழி பேசுகிறவர் புகார் சொல்லத் திணறுவார். பராவா என்ற கடலோர நகரின் சிம்வீனி மொழி பேசும் கிழவி பாதியிலேயே வைத்துவிடுவார்.